பதினெட்டு மாத்திரை மிச்சம்

அத்தியாயம் 4

முதல் கல் ஹெட்லைட்டை உடைத்தது. இரண்டாவது என் தோளில் விழுந்தது. மூன்றாவது கல்லின் அளவைப் பார்த்துவிட்டு, ராஜ்தூத் பைக்கின் ஆக்ஸிலேட்டர் கையோடு கழன்று வரும் அளவுக்கு முறுக்கினேன்.

"வீரா, மெதுவா. முன்னால பள்ளம்" என்றார் பின்னால் உட்கார்ந்திருந்த பாஸ்.

"பள்ளத்துல உளுந்தா நானே எந்திரிச்சுக்குவேன் பாஸ். அந்தக் கல்லு உளுந்தா நாலு பேருதான் என்னைத் தூக்கணும்."

பாஸ் என்றால் பாலசுந்தரம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். அதற்கு முன் பதினோரு வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். வாயில்லாத மாட்டுக்கே என்ன கோளாறு என்று கண்டுபிடித்துப் பழகியவருக்கு, வாய் கிழியப் பொய் சொல்லும் மனிதர்கள் ஒரு கஷ்டமே இல்லையாம். நான் அவருடைய உதவியாளன் வீரன். என்னைப் பார்த்துவிட்டு யாரும் இந்தப் பெயரை வைத்திருக்க மாட்டார்கள். லாரி கிளீனராக இருந்தவன், அடிதடி என்றால் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற ரகம். இந்த வேலையில் படுக்க வண்டிதான் பத்தவில்லை.

போதாததற்கு, இடது இடுப்பில் ஓர் இடம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. நேற்று சலவையிலிருந்து வந்த பேண்டைப் போட்டதிலிருந்தே இந்த அவஸ்தை. ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் சொறி என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களைக் கல்லால் அடித்தவர்கள், செத்துப்போன சின்னுசாமியின் பங்காளிகள்.

சின்னுசாமி புதுச்சத்திரம் பக்கத்தில் பெரிய பண்ணையக்காரர், வேலையாட்களுக்குப் பண்ணாடி. நேற்று மதியம் இரண்டு மணிக்குத் தோட்டத்து வீட்டில், தன் அறையில், ரத்த வெள்ளத்தில் செத்துக் கிடந்தார். கழுத்தில் இரண்டு வெட்டு. பக்கத்தில் கிடந்த அருவாள் கந்தனுடையது. கந்தன் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே வேலை செய்கிறவன். உடம்பெல்லாம் ரத்தத்தோடு அவன் ஓடியதை ஏழு பேர் பார்த்திருக்கிறார்கள். அதற்கப்புறம் ஆளைக் காணோம். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்குள் எங்கோ பதுங்கியிருக்கிறான் என்று பங்காளிகள் முப்பது பேர் அருவாளும் நாயுமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். போலீஸிடம் கிடைத்தால் அவனுக்குக் கோர்ட். இவர்களிடம் கிடைத்தால் கோர்ட்டெல்லாம் கிடையாது. சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அறுக்கப் போயிருக்கும் பிணம் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும். அதற்குள் கந்தன் தலை விழ வேண்டும், அப்புறம்தான் கொள்ளி என்று சபதம் வேறு போட்டிருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு எங்கள் மாடிப்படியில் கந்தன் பெண்டாட்டி ராசாத்தி உட்கார்ந்திருந்தாள். பாதி முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. புருஷன் எங்கே என்று கேட்டு இரவெல்லாம் அடித்திருக்கிறார்கள். பாவிகள்.

"என்ற ஊட்டுக்காரர் வெட்டலீங்க சாமி" என்று பாஸ் காலைப் பிடித்தாள். "பண்ணாடி கூப்புட்டு உட்டாருன்னு போனாருங்க. பேசிட்டு இருக்கறப்பவே அவரு வாயிலிருந்து ரத்தம் கொடங்கொடமா வந்துச்சுங்களாம். இவரு மடியில தாங்கிப் புடிச்சுப் பாத்துட்டு, வண்டி கட்டலாம்னு ஓடியாந்தாருங்க. திரும்பிப் போறதுக்குள்ள வெட்டிப்புட்டான் வெட்டிப்புட்டான்னு கூப்பாடு."

"என்னத்துக்கு அம்மா கூப்பிட்டாரு?"

"வெள்ளிக்கெழம மூணு ஏக்கராவும் கெணத்துல ஒரு பங்கும் எழுதித் தாரேன்னு சொல்லறக்குத்தானுங்க. இவரோட அப்பாரு அந்தக் கெணறு வெட்டறப்ப வெடியில செதறிப் போனாருங்க. அது பண்ணாடி மனசை அறுத்துட்டே இருந்துச்சு."

அதனால்தான் விடிந்ததும் அந்த வீட்டுக்குப் போனோம். வாசலில் வேப்பிலை தொங்கியது. செத்தவரின் தம்பி அப்புசாமிக்கு அம்மை போட்டு ஒன்பது நாளாகிறதாம். உள் ரூமில் வேப்பிலை மேல் படுத்திருந்தார். யாரும் கிட்டே போகக்கூடாது. சின்னுசாமியின் மனைவி சென்னியம்மாள் மட்டும் எங்களை உள்ளே விட்டார். நாலு வருஷம் முன்பு அவர்கள் எருமைக்கு வயிற்றில் குறுக்கே கிடந்த கன்றைப் புரட்டி எடுத்துக் கொடுத்தவர் பாஸ். அந்த நன்றி. கந்தன் தரப்பு ஆள் என்று பங்காளிகளுக்குத் தெரிய அரை மணி நேரம் ஆனது. அப்புறம் கல்.

புதன்சந்தை தாண்டி ஒரு லாரிப் பட்டறை நிழலில் வண்டியை நிறுத்தினேன். பாஸ் டீ சொல்லிவிட்டு, என் தோளைத் தடவிப் பார்த்தார். எலும்பு உடையவில்லையாம். எனக்கென்னவோ நம்பிக்கையில்லை.

"அந்த ரூம்ல என்ன பார்த்தே?" என்றார்.

"ரத்தம். சுவத்துல ரத்தம், கட்டில் காலுக்குக் கீழ ரத்தம், எச்சில் படிக்கத்துல ரத்தம். எனக்கு மயக்கம் வந்துச்சு, அப்புறம் ஒன்னும் பாக்கலை."

"தலையணை?"

"அதுல ரெண்டு வெட்டு. பஞ்சு வெளிய வந்திருந்துச்சு."

"பஞ்சு என்ன நிறம்?"

"வெள்ளை. பஞ்சு வேற என்ன..." என்று ஆரம்பித்தவன் டீயைக் கீழே வைத்தேன். "ஐயையோ!"

"அதேதான். கழுத்தை வெட்டி, அருவா தலையணையையும் கிழிச்சுப் பஞ்சு வரைக்கும் எறங்கியிருக்கு. பஞ்சு வெள்ளை வெளேர்னு இருக்கு. வெட்டு விழுந்த எடத்துல ரத்தமில்லை. வெட்டே விழாத எடத்துல குடங்குடமா ரத்தம். செத்த ஆட்டை அறுத்தா ரத்தம் வராதுன்னு கறிக்கடைக்காரனுக்குத் தெரியும். இந்த முப்பது பேருல ஒருத்தனுக்குத் தோணலை பாரு."

"அப்ப கந்தன் ஓடுனதுக்கு அப்புறம், செத்த மனுஷனை யாரோ வெட்டியிருக்காங்க."

"வெட்டுனது இருக்கட்டும். சாகடிச்சது எது?" பாஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மாத்திரைப் பாட்டிலை எடுத்தார். செத்தவரின் ஜன்னல் மேலிருந்தது எப்போது இவர் பைக்குள் வந்தது என்று தெரியவில்லை. லேபிளில் டாக்டர் வெங்கடாசலம், சேலம் என்று பேர். தேதி மூணு. அறுபது மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று.

"எண்ணு."

எண்ணினேன். முப்பத்தெட்டு.

"வாங்கி இருபது நாள் ஆச்சு. நாப்பது தீந்திருக்கணும், இருபது மிச்சம் இருக்கணும். பதினெட்டு அதிகமா இருக்கு. ஒன்பது நாளா அவரு மாத்திரையே சாப்பிடலை. அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? நாலஞ்சு நாளா நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சுக்குதுன்னு படுத்தே இருந்தாராம்."

"விஷம் பாஸ்! எவனோ மாத்திரையில விஷத்தைக் கலந்திருக்கான்!"

"சாப்பிடாத மாத்திரையில விஷம் இருந்தா அவருக்கென்ன?" என்றார். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

*

டாக்டர் வெங்கடாசலத்தின் கிளினிக் அஸ்தம்பட்டியில். ஐம்பது வயசு, வழுக்கை, ஓயாத பேச்சு. விஷம் என்று நான் வாயெடுத்ததும் பாட்டிலைப் பிடுங்கி, ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எவிடன்ஸை முழுங்கிட்டாரு பாஸ்!"

"தெனம் நானும் இதைத்தான்யா முழுங்கறேன், பிரஷருக்கு. இன்னிக்கு மறந்துட்டேன்" என்றவர், பாஸ் விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். "அடடா. போயிட்டாரா? வெட்டா? அந்த மனுஷனை யாரும் வெட்டவே வேண்டாமே!"

"அவருக்குப் பிரஷரா டாக்டர்?"

"இல்லை. அதுதான் விஷயம். பிரஷர் மாத்திரைதான், ஆனா பிரஷருக்குக் குடுக்கலை. சாராயத்துல அவரு ஈரல் கல்லாயிருச்சு. குடல்ல இருந்து திரும்பற ரத்தம் மொத்தமும் ஒரே குழாயில வந்து ஈரலுக்குள்ள எறங்கித்தான் மேல போகணும். நல்ல ஈரல்னா மணல்ல தண்ணி எறங்கற மாதிரி எறங்கிரும். இவருக்குப் பாறை. தம்பி, நீங்க சொல்லுங்க, மடையை அடைச்சா என்ன ஆகும்?"

"தண்ணி ஏறும். வரப்பு ஒடையும்" என்றேன்.

"அந்த வரப்பு இருக்கறது சோறு எறங்கற தொண்டைக் குழாயில. அங்க ரத்தக் குழாயெல்லாம் விரல் தண்டிக்குப் பொடைச்சுட்டு நிக்கும். ஒடைஞ்சுதுன்னா வாய் வழியா வாளி வாளியா வரும், கால் மணி நேரத்துல ஆளு காலி. போன வருஷமே ஒரு தரம் ரத்தம் கக்கிப் பிழைச்சவரு."

"இந்த மாத்திரை என்ன பண்ணும்?"

"மோட்டாரை மெதுவா ஓட வைக்கும். இதயம் நிதானமா அடிக்கும், குடலுக்குப் போற குழாயும் சுருங்கும். ஈரலுக்கு வந்து முட்டற ரத்தம் குறையும். வரப்பு தாங்கும். ரெண்டு மூணு வருஷம் முன்னாலதான் வெளிநாட்டுப் பத்திரிகையில எழுதினாங்க. பிரஷர் இல்லாதவனுக்குப் பிரஷர் மாத்திரையான்னு சேலத்துல பாதி டாக்டர்கள் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும். எண்பத்தாறு அடிச்ச நாடி அறுபதுக்கு வந்துச்சு. எட்டு மாசமா ஒரு சொட்டு ரத்தம் வரலை."

"திடீர்னு நிறுத்தினா?"

டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு பாஸைப் பார்த்தார். "புடிச்சு வச்சிருந்த மோட்டாரை ஒரேயடியா உட்ட மாதிரி. முன்னைவிட வேகமா ஓடும். நெஞ்சு படபடக்கும். ஈரல்கிட்ட ரத்தம் முன்னைவிட மோசமா முட்டும். எப்ப வேணா ஒடையலாம். ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாதுன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"யாருகிட்ட?"

"தம்பிகிட்ட. அப்புசாமி. அவருதான் எப்பவும் கூட வருவாரு. மூணு தரம் திருப்பிச் சொல்ல வச்சேன். அண்ணன் பயந்துருவாருங்க, ஊட்டுல பொம்பளைங்களுக்கும் சொல்ல வேண்டாமுங்க, நான் பார்த்துக்கறேன்னாரு."

"பார்த்துக்கிட்டாரு" என்றேன். "ஆனா பாஸ், அவரு ஒன்பது நாளா அம்மை போட்டுப் படுத்திருக்காரே!"

"ஒன்பது நாள்" என்றார் பாஸ் மெதுவாக. "வீரா, அம்மை போட்ட ஊட்டுல மாத்திரை மருந்து சாப்பிடுவாங்களா?"

"நல்லா இருக்கே! எங்கம்மா தலைவலித் தைலத்தைக்கூடத் தெருவுல வீசிரும். ஆத்தா ஊட்டுக்குள்ள இருக்கறப்ப இங்கிலீஷ் மருந்து எடுத்தா அவளை அவமானப்படுத்தற மாதிரி. மூணு தண்ணி ஊத்தி ஆத்தா எறங்கற வரைக்கும் ஊட்டுல ஒருத்தரும் ஒன்னும் தொடமாட்டாங்க."

"சென்னியம்மாவும் தொடவிட்டிருக்க மாட்டாங்க. பிரஷரே இல்லாதவரு, எதுக்கு மாத்திரைன்னு அவரும் சும்மா இருந்திருப்பாரு."

"அப்ப கொன்னது மாரியாத்தாவா பாஸ்? கைது பண்றது சிரமமாச்சே!"

பாஸ் சிரிக்கவில்லை. அம்மை நிஜம் என்றால் இது விதி, கேஸ் இல்லை. டாக்டர் சொன்னதை அப்புசாமி காய்ச்சல் மயக்கத்தில் மறந்துவிட்டேன் என்று சொன்னால் எவனும் மறுக்க முடியாது. மணி இரண்டரை. அங்கே நாய்கள் குச்சிக்கிழங்குக் காட்டை மோந்துகொண்டிருந்தன. பதற்றத்தில் இடுப்பை இன்னும் பலமாகச் சொறிந்தேன்.

"என்னய்யா அது, காட்டு" என்றார் டாக்டர்.

சட்டையைத் தூக்கினேன். பெல்ட் கட்டும் இடத்தில் நீர் கோத்த கொப்புளங்கள் வரிசையாக நின்றன.

"அய்யோ, எனக்கும் அம்மை!"

"சும்மா இருய்யா. பேண்ட் பட்டியில சலவைக் குறி போட்டிருக்கான் பாரு, கறுப்பா. சேராங்கொட்டைப் பால். காயாம தோல்ல பட்டா இப்படித்தான் கொப்புளிக்கும். பார்க்க அம்மை மாதிரியே..."

டாக்டர் முடிக்கவில்லை. பாஸ் எழுந்துவிட்டார்.

"டாக்டர், நீங்க சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, பிணத்தை அறுக்கறவரை வயித்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் அங்கதான் இருக்காரு, அவருக்கும் சொல்லுங்க. வீரா, வண்டியை எடு. சொறியறதை அப்புறம் பார்த்துக்கலாம்."

*

நாலரை மணிக்குத் தோட்டத்துப் பாதையில் திரும்பினோம். 1983 சித்திரை வெயில் முதுகை வறுத்துக்கொண்டிருந்தது. வழியை அடைத்து ஒரு மாட்டு வண்டி நின்றது. வண்டிக்கு முன்னால் மூங்கில் தடியோடு இரண்டு பேர்.

"ஏனுங்க, காத்தால வாங்குனது பத்தலைங்களா?" என்றான் இருவரில் தடியன்.

மரியாதைக்குக் குறைச்சலில்லை, அடியும் ஓங்கியே விழுந்தது. முதல் அடி என் முழங்காலில். நான் மண்ணைக் கவ்வினேன். இரண்டாவது அடி பாஸ் முதுகில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் சண்டைக்குப் போகவில்லை. குனிந்து தடுமாறி, மாட்டுக்குப் பக்கவாட்டில் ஓடி, நுகத்தடியில் பூட்டியிருந்த வலத்து மாட்டின் வாலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினார். பதினோரு வருஷ அனுபவம். மாடு அலறிக்கொண்டு பாய்ந்தது. வண்டிச் சக்கரம் தடியன் பாதத்தின் மேல் ஏறி இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாமவன் நுகத்தடி நெஞ்சில் இடித்து வாய்க்காலில் போய் விழுந்தான்.

"ஓடு!" என்றார் பாஸ். ஒற்றைக் காலால் ஓடினேன்.

வாசலில் பெரும் கூட்டம். கந்தனைப் பிடித்துவிட்டிருந்தார்கள்.

தென்னை மரத்தில் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு காது பாதி கிழிந்து தொங்கியது. நாய் கடித்த தொடையிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. முன்பல் இரண்டு இல்லை. கூட்டத்துக்கு வெளியே ராசாத்தியை இரண்டு பெண்கள் அழுத்திப் பிடித்திருந்தார்கள். கத்திக் கத்தி அவளுக்குக் குரலே போய்விட்டது. காவலுக்கு விட்டுப்போன ஒரே கான்ஸ்டபிளை மாட்டுக் கொட்டகையில் அடைத்துத் தாழ் போட்டிருந்தார்கள். பங்காளிகளில் மூத்தவரான குழந்தைவேல் கையில் அருவாளோடு நின்றார்.

வாசல் நடுவே அப்புசாமி கோவணத்தோடு பலகையில் குந்தியிருந்தார். உடம்பெல்லாம் மஞ்சளும் வேப்பிலை அரைத்ததும் அப்பியிருந்தது. அண்ணனுக்குப் பிள்ளையில்லை, இவர்தான் கொள்ளி வைக்க வேண்டும். நாளைக்கு ஊற்ற வேண்டிய மூணாந்தண்ணியை அதனால் இன்றைக்கே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் காய்ந்த தண்ணீரைப் பாப்பாயி என்ற வயசான அம்மாள் சொம்பில் மொண்டு தலையில் விட்டாள். சென்னியம்மாள் வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே நிலைப்படியில் சாய்ந்து கிடந்தார்.

"தண்ணி ஊத்தி முடியட்டும்" என்றார் குழந்தைவேல். "தம்பி கையாலயே இவனுக்கு முதல் வெட்டு."

பாஸ் கையைக் கூப்பிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார். நாலு அருவாள் ஒரே சமயத்தில் உயர்ந்தன.

"நான் ஒன்னும் தடுக்க வரலீங்க. சென்னியம்மாவுக்கு என்னைத் தெரியும். ஆத்தா எறங்கற நேரம், நானும் ஒரு கும்புடு போட்டுட்டுப் போறேன்" என்றவர், பாப்பாயியிடம் கேட்டார். "அம்மா, தண்ணி ஊத்தறீங்க. முத்தெல்லாம் நல்லா எறங்கிருச்சுங்களா? முதுகைத் தேய்ச்சுப் பாருங்க."

"எறங்கியிருக்குமுங்க சாமி" என்று பாப்பாயி பின்பக்கம் போய் மஞ்சளைத் தேய்த்துக் கழுவினாள். ஒரு சொம்பு ஊற்றினாள். இன்னொரு சொம்பு ஊற்றினாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"ஏஞ்சாமி, முதுகுல ஒன்னையுங் காணமே!"

அப்புசாமி சட்டென்று நிமிர்ந்தார்.

"தழும்புகூட இல்லையே. மொதல்ல நெஞ்சுலயும் முதுகுலயும்தான ஆத்தா வாரிப் போடுவா?" என்றாள் பாப்பாயி.

"நெஞ்சுல இருக்கு, தொடையில இருக்கு, மூஞ்சியில இருக்கு" என்றார் பாஸ். "கை எட்டுன எடத்துல எல்லாம் இருக்கு. கை எட்டாத எடத்துல ஒன்னுகூட இல்லை. அப்புசாமி, மஞ்சள் கழுவிருச்சு. வலது கைக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் எல்லாருக்கும் காட்டுங்க பார்க்கலாம்."

அவர் காட்டவில்லை. மூடிய கையைப் பாப்பாயியே பிடித்து விரித்தாள். இரண்டு விரல் நுனியும் கரேலென்று இருந்தன. நான் என் பேண்ட் பட்டியைத் திருப்பிச் சலவைக் குறியைக் காட்டினேன். அதே கறுப்பு. சட்டையைத் தூக்கிக் கொப்புளத்தையும் காட்டினேன். முப்பது பேருக்கு முன்னால் இடுப்பைக் காட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"சேராங்கொட்டை!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அண்ணன் ஒரு நாள் மாத்திரையை விட்டாலும் ரத்தம் கக்கிச் சாவாருன்னு டாக்டர் இவருகிட்ட மட்டும்தான் சொன்னாரு. இதோ கையெழுத்து" என்று பாஸ் கடிதத்தை நீட்டினார். "ஊட்டுக்கு ஆத்தா வந்தா மாத்திரை தானா நின்னுரும். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, கிட்டயும் வரமாட்டாங்க. வெள்ளிக்கெழம பத்திரம் பதிவாறதுக்குள்ள அண்ணன் செத்தாகணும். நேத்து உள்ள ரத்தக் குழாய் ஒடைஞ்சுது. கந்தன் வண்டி கட்ட ஓடுனாரு. அதோட சும்மா படுத்திருந்தா இவரை எவனும் தொட்டிருக்க முடியாது. ஆனா கந்தன் அருவா அங்கயே கெடந்துச்சு. கெணத்துல பங்கு வாங்கப் போறவனையும் சேர்த்து ஒழிச்சுரலாம்னு ஆசை. எந்திரிச்சு வந்து, செத்த அண்ணன் கழுத்துல ரெண்டு போட்டாரு. உள்ள போய்த் தலையணையைப் பாருங்க. பஞ்சுல ஒரு சொட்டு ரத்தம் இல்லை."

யாரும் போகவில்லை. பார்த்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொரு முகமாக மாறியது.

"பொய்யி!" என்று அப்புசாமி எழுந்தார். "பண்ணையத்தாளுக்குக் கெணத்துல பங்கா? எங்கப்பன் வெட்டுன கெணத்துல அவன் தண்ணி எறைப்பானா? அவரு எழுதறேங்கறாரு, நான் பாத்துட்டு..."

தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு உறைத்ததும், பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த அருவாளைப் பிடுங்கிக்கொண்டு பாஸ் மேல் பாய்ந்தார். பாஸ் கையைக் குறுக்கே போட்டார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சதை பிளந்தது. ரத்தம் என் முகத்தில் அடித்தது. இரண்டாவது வெட்டு ஓங்கியபோது என்ன நினைத்தேன் என்று தெரியாது. பாப்பாயியின் சொம்பைப் பிடுங்கி அப்புசாமியின் வாயில் என் பலம் முழுவதும் போட்டு அறைந்தேன். பல் தெறித்தது. இன்னொன்று வைத்தேன், மூக்கில். விழுந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து மூன்றாவதும் வைத்தேன். சொம்பு நசுங்கிவிட்டது. நான் அழுதுகொண்டிருந்தேன் என்று பிற்பாடு ராசாத்தி சொன்னாள்.

"நகருடா!" என்றார் குழந்தைவேல். இப்போது அவர் அருவாள் அப்புசாமியின் கழுத்துக்கு நேராக இருந்தது. "கூடப் பொறந்தவனைக் கொன்ன நாயி. இவன் தலையை எடுத்துட்டுத்தான் கொள்ளி."

கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்று கத்தியது. இவர்களுக்கு இன்றைக்கு யாராவது ஒருத்தன் தலை விழுந்தே ஆக வேண்டும், யார் தலை என்பதில் பிடிவாதம் இல்லை.

பாஸ் ரத்தம் ஒழுகும் கையோடு குறுக்கே வந்து நின்றார். "பத்து நிமிஷம் முன்னால கந்தனை வெட்டியிருந்தீங்கன்னா இப்ப அந்தத் தலையை எப்படித் திருப்பி ஒட்டுவீங்க? சொல்லுங்க. சொல்லிட்டு இவனை வெட்டுங்க."

குழந்தைவேல் அருவாளை இறக்கவில்லை. அப்போதுதான் சென்னியம்மாள் எழுந்து வந்தார். கூட்டம் தானாக விலகியது.

பலகைக்குப் பக்கத்தில் பாஸ் சட்டைப்பையிலிருந்து விழுந்த மாத்திரைப் பாட்டில் உருண்டு கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கீழே வாயெல்லாம் ரத்தமாகக் கிடந்த கொழுந்தனைப் பார்த்தார்.

"நங்கை..." என்று அண்ணியைக் கூப்பிட்டார் அப்புசாமி.

"ஒன்பது நாளு உனக்கு இளநியும் மோரும் கொண்டாந்து வச்சேனே அப்பு" என்றார். "ஒவ்வொரு நாளும் அவரு கேட்டாரு, அந்த மாத்திரையைப் போட்டுக்கட்டுமா புள்ளேன்னு. வேண்டாமுங்க, ஆத்தா கோவிச்சுக்குவா, உங்க தம்பிக்கு ஆகாதுன்னு சொன்னேன். நீ உள்ள படுத்து அதைக் கேட்டுட்டுத்தான இருந்தே?"

அப்புசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

சென்னியம்மாள் பாஸ் பக்கம் திரும்பினார். குரல் உடையவே இல்லை. "நிறுத்துனது நானுங்க. போலீசு வந்தா என்னையும் சேத்துக் கட்டச் சொல்லுங்க."

பாஸ் காயத்தைப் பிடித்திருந்த விரல் இடுக்கில் ரத்தம் சொட்டியது.

"நீங்க சாமிக்குப் பயந்தீங்க அம்மா. இவன் அந்தப் பயத்தைக் கையில எடுத்து வீசுனான். அருவா மேல யாரும் கேசு போடறதில்லீங்க."

அவர் தலையாட்டினார். அந்தச் சமாதானம் அவருக்குப் பத்தாது என்று எனக்குத் தெரிந்தது, பாஸுக்கும் தெரிந்திருக்கும். தூரத்தில் பிண வண்டியின் ஹாரனும் போலீஸ் ஜீப்பின் சத்தமும் கேட்டன. சென்னியம்மாள் குழந்தைவேலின் கையிலிருந்து அருவாளை வாங்கினார். அவர் மறுக்காமல் கொடுத்தார். ஒரு கணம் நாங்கள் எல்லோருமே அப்புசாமியைத்தான் பார்த்தோம்.

சென்னியம்மாள் தென்னை மரத்துக்குப் போய்க் கயிற்றை அறுத்தார். கந்தன் மண்ணில் சரிந்தான். ராசாத்தி பிடியை உதறிக்கொண்டு ஓடிவந்து அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"கந்தா" என்றார் சென்னியம்மாள். "கடைசியா அவரு உன்ற மடியிலதான இருந்தாரு?"

அவன் தலையசைத்தான்.

"அப்ப கொள்ளியும் நீயே வையி. யாரு வேண்டாங்கறாங்கன்னு நான் பாக்கறேன்."

சென்னியம்மாள் அருவாளைக் கிணற்றுக்குள் வீசிவிட்டு, வாசல் தோரணத்தை எட்டி இழுத்து அறுத்துப் போட்டார். பிண வண்டி உள்ளே வந்தபோது வேப்பிலை அதன் சக்கரத்தில் நசுங்கியது. நான் என் சட்டையைக் கிழித்து பாஸ் கையில் கட்டினேன்.